இரண்டில் எது தப்பு

மே 12, புதன்

கடையை அடைத்து மூன்று நாள் ஆகிறது. நேற்று கம்ப்யூட்டரை எக்ஸெல் வண்டியில் வைத்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். பாலத்தடியில் போலீஸ்காரர் நிறுத்தி, "என்ன, டிவியா?" என்றார். "இல்ல சார், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் போடுற மெஷின்" என்றேன். ஓர் அடி தள்ளி நின்று, போ போ என்று கையைக் காட்டினார்.

இது ஒரு பேப்பர் கம்பெனிக்காரன் ஜனவரியில் கொடுத்த டைரி. இதுவரை ஒரு வரியும் எழுதாமல் கிடந்தது. பழைய பழக்கமெல்லாம் நின்றுபோனதால் புதிதாக ஒன்று பழகிப் பார்க்கலாம் என்று எழுதுகிறேன். வேறு காரணம் இல்லை.

என் தொழில் டிடிபி. செல்லூரில் சின்னக் கடை. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கல்யாணம், சாவு, எல்லாவற்றுக்கும் மதுரையில் போஸ்டர் வேண்டும். இப்போது கடைசி அயிட்டம் மட்டும்தான் ஓடுகிறது. அதையும் சுவரில் ஒட்ட ஆள் இல்லை. படமாக அனுப்பிவிடுகிறேன், ஸ்டேட்டஸில் வைத்துக்கொள்கிறார்கள்.

இடையில் ஒரு புத்தக வேலையும் இருக்கிறது. ஒரு வெளிநாட்டு நாவலின் தமிழ் மொழிபெயர்ப்பு, கையெழுத்துப் பிரதி, முந்நூற்றுப் பதினான்கு பக்கம். அடித்து, பக்கம் கட்டித் தர வேண்டும். மொழிபெயர்த்தவர் விளாங்குடி அருணகிரி சார், கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். நேரில் பார்த்ததில்லை. பதிப்பகத்துக்காரர்தான் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். "கொள்ளைநோய் பத்தின நாவல், இப்ப போட்டா நல்லாப் போகும்" என்றார். அவருடைய கவலை அவருக்கு.

மே 14, வெள்ளி

அஞ்சலி நான்கு. நாவல் பதினெட்டுப் பக்கம்.

நான் எதையும் வாசித்து அடிப்பதில்லை. கண் பார்க்கும், கை அடிக்கும், நடுவில் மூளைக்கு வேலை கிடையாது. வாசித்தால் வேகம் குறையும், தப்பும் வரும். ரசாயனப் பாடப் புத்தகமும் ஜோசியப் புத்தகமும் அடித்திருக்கிறேன். ரெண்டிலும் ஒரு வார்த்தை எனக்குத் தெரியாது. முன்னுரையில் 'இருத்தலியம்' என்ற சொல் பதினாறு முறை வந்தது. எண்ணிக்கை மட்டும் தெரியும்.

ஜெயக்கொடிக்கு இன்று நாற்பத்திரண்டு வீடு. என் மனைவி, அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகள் வராததால் தெருத் தெருவாகப் போய் காய்ச்சல் பார்க்கச் சொல்லிவிட்டார்கள். வந்ததும் வாசல் பக்கமே குளித்துவிட்டு உள்ளறைக்குப் போய்விடுகிறாள். நான் முன்னறையில். பேச்செல்லாம் கதவு வழியாகத்தான்.

மே 17, திங்கள்

அருணகிரி சார் போன் செய்தார். குரல் ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் குரல் மாதிரி நிதானமாக இருக்கிறது.

"பவுன்ராஜ், மூணாம் அத்தியாயத்துல ஒரு இடம். 'பாலம் மூடப்பட்டது'ன்னு எழுதியிருப்பேன். அத 'பாலத்தை மூடினார்கள்'னு மாத்திருங்க."

"ரெண்டும் ஒன்னுதான சார்."

"மூடினது யாருன்னு ஒருத்தன் இருக்கணும்ல. அந்த நாவல்ல எல்லாத்தையும் யாரோ ஒருத்தன்தான் செய்யிறான். தானா எதுவும் நடக்குறதில்ல."

மாற்றிவிட்டேன். பிறகு, இதுவரை அடித்ததில் உங்களுக்கு எது பிடித்தது என்று கேட்டார். நான் வாசிக்கவில்லை என்று உண்மையைச் சொன்னேன். கோபம் வரும் என்று பார்த்தால் சிரித்தார். "எங்க அண்ணனும் இதயேதான் சொல்றாரு. அவருக்குத்தான் புத்தகத்தச் சமர்ப்பணம் பண்ணியிருக்கேன். ஒரு பக்கம் புரட்டமாட்டேங்குறாரு" என்றார்.

அண்ணன் பெயர் பொன்னம்பலம். மனைவி தவறிப் பல வருஷம் ஆகிவிட்டதாம், பிள்ளைகள் இல்லை, தம்பி வீட்டு மாடியிலேயே இருக்கிறார். இதெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொண்டதல்ல. அவராகச் சொன்னார்.

மே 18, செவ்வாய்

அஞ்சலி ஏழு. ஒரே குடும்பத்தில் இரண்டு, ஒரே போஸ்டராகப் போட்டுக் கேட்டார்கள்.

மே 20, வியாழன்

அவர் அப்படிக் கேட்டுவிட்டதாலோ என்னவோ, நேற்றிலிருந்து அடிக்கிறபோது வரிகள் மண்டைக்குள் நுழைகின்றன. வேகம் பாதியாகிவிட்டது.

கதை இதுதான். ஓர் ஆற்றங்கரை ஊர். காய்ச்சல் வருகிறது. அக்கரைக்குப் போகிற பாலத்தை மூடுகிறார்கள். அன்றைக்குச் சந்தைக்குப் போனவர்கள் அந்தப் பக்கம், வீட்டில் இருந்தவர்கள் இந்தப் பக்கம். பாலத்தின் நடுவில் சுங்கம் வசூலிக்கிற ஒருவன் இருக்கிறான். அவன் பெயரை ஆசிரியர் சொல்லவே இல்லை. மனிதர்கள் தாண்டக் கூடாது, பொருள்கள் தாண்டலாம். அக்கரையில் இருந்து வருகிற சாப்பாட்டுக் கூடைகளை வாங்கி இக்கரை ஆட்களிடம் கொடுப்பதும், காலிக் கூடையைத் திருப்பித் தருவதும் அவன் வேலை. சாமி கும்பிடுவதில்லை, ஆறுதல் சொல்வதில்லை. 'நான் நல்லவனும் இல்லை, கெட்டவனும் இல்லை. கூடை வருகிறது, எடுத்துக் கொடுக்கிறேன்' என்கிறான். இந்த ஒரு வரி எனக்குப் பிடித்திருந்தது. ஒழுங்காக வேலை செய்கிற ஆள்.

குறை ஒன்று உண்டு. ஊரில் நாலாயிரம் பேர் சாகிறார்கள். நாவலில் பெயர் வருவது ஐந்து பேருக்கு. போஸ்டர் போட்டவன் எழுதியிருந்தால் இப்படி விட்டிருக்கமாட்டான்.

மே 22, சனி

அருணகிரி சார் வீட்டில் அண்ணன் தம்பி இருவருக்கும் காய்ச்சல். சாருக்கு மூச்சு வாங்கியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். அண்ணனை வேறோர் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள், இங்கே ஒரு படுக்கைதான் கிடைத்ததாம். வார்டில் இருந்தே பேசினார்.

"ஆக்சிஜன் எண்பத்தொம்பது காட்டுது. பரவால்ல, வங்கித் தேர்வுல இதவிடக் கம்மியா வாங்கியிருக்கேன்."

பின் அட்டைக்குத் தன் படம் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். கண்ணாடி, நெற்றியில் திருநீறு, வெள்ளைச் சட்டை. பதிவிறக்கம் செய்து வைத்தேன். பிரதியின் ஏழாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னார். நாவல் வேலையை இப்போது விட்டுவிடுங்கள் சார் என்றேன். "விட்டுட்டு? மேல ஃபேன் சுத்துறத எண்ணவா?" என்றார்.

மே 23, ஞாயிறு

சாருக்குத் தொண்ணூறு. சும்மா குறித்து வைக்கிறேன்.

மே 24, திங்கள்

இன்றுமுதல் முழு ஊரடங்கு. மளிகைக் கடையும் கிடையாது. காய்கறி வண்டி தெருவுக்கு வரும் என்றார்கள், வரவில்லை.

ஜெயக்கொடிக்குக் காய்ச்சல். காலையில் நூறு, மாலையில் நூறு புள்ளி நாலு. "வெயில்ல அலஞ்சது, வேற ஒன்னுமில்ல, நீங்க உங்க வேலையப் பாருங்க" என்றாள். வேலையைப் பார்த்தேன். அஞ்சலி ஆறு. உள்ளறை வாசல்படியில் வைத்த கஞ்சியை அவள் எடுத்தாளா என்று நாலைந்து தடவை எழுந்து பார்த்தேன். முதுகுவலிக்கும் அப்படி எழுந்து நடப்பது நல்லதுதான்.

மே 25, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலை பத்தரைக்கு அருணகிரி சாரின் மகள் அங்கயற்கண்ணி பேசினார். அவருடைய பெரியப்பா பொன்னம்பலம் விடியற்காலையில் இறந்துவிட்டார். தத்தனேரி மயானத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். யாரும் வர முடியாது, சொந்தக்காரர்களுக்கு அனுப்பவாவது ஓர் அஞ்சலி வேண்டும். பெரியப்பாவின் படத்தை அனுப்பினார். விவரங்களைச் சொல்லச் சொல்ல அடித்தேன். பெயர், பிறந்த தேதி, மறைந்த தேதி, விளாங்குடி வீட்டு விலாசம், கண்ணீருடன் தம்பி அருணகிரி, மகள் அங்கயற்கண்ணி. "மகள்னே போடுங்க, அவருக்கு நாந்தான்" என்றார். "அப்பாட்ட இன்னும் சொல்லலைங்க, ரெண்டு நாள் போகட்டும்" என்றும் சொன்னார். அது காதில் விழுந்தது. போஸ்டரில் வருகிற விஷயம் இல்லை என்பதால் அத்தோடு விட்டுவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் முடித்து அவருக்கு அனுப்பினேன். வழக்கம்போல என் ஸ்டேட்டஸிலும் வைத்தேன். முடிக்கிற ஒவ்வொரு போஸ்டரையும் வைப்பேன், எனக்கு அதுதான் விளம்பரம்.

பதினொன்றேகாலுக்கு அருணகிரி சார் கூப்பிட்டார்.

"பவுன்ராஜ், உங்க ஸ்டேட்டஸ் பாத்தேன்."

அப்போதுதான் எனக்கு அந்த 'அப்பாட்ட சொல்லல' ஞாபகம் வந்தது.

"படம் என்னோடது. பேரு எங்க அண்ணனோடது. ரெண்டுல எது தப்பு?"

இரண்டும் வாட்ஸ்அப்பில் இறக்கிய படங்கள். ஒரே மாதிரி நீளப் பெயர், எண்கள் மட்டும் மாறும். பின் அட்டைக்கு வைத்திருந்த தம்பியின் படத்தை எடுத்து அண்ணன் பெயருக்கு மேலே வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் இப்படி நடந்ததில்லை. ஜெயக்கொடியின் காய்ச்சலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.

"லைன் சரியில்ல சார், நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். ஸ்டேட்டஸை அழித்தேன். அங்கயற்கண்ணியை அழைத்தேன். அவர் இன்னும் நான் அனுப்பியதைத் திறந்தே பார்க்கவில்லை, தகன மேடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னதும் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை.

"அப்பாவுக்கு இப்ப எண்பத்தாறுல நிக்குதுங்க. இதக் கேட்டா தாங்கமாட்டாரு. பேருதான் தப்புன்னு சொல்லிருங்க. உங்களால வந்தது, நீங்களே சொல்லிருங்க."

சாரைக் கூப்பிட்டேன்.

"பேருதான் சார் தப்பு. புது மாதிரி ஒன்னு போட்டுப் பாத்தேன். மாதிரிக்கு ஒரு படமும் பேரும் வேணும். பின் அட்டைக்கு வச்சிருந்த உங்க படம் கைக்கு வந்துச்சு. சமர்ப்பணத்துல இருந்த அண்ணன் பேரு வாயில வந்துச்சு. தெரியாம ஸ்டேட்டஸ்ல ஏறிருச்சு. மன்னிச்சிருங்க சார்."

இவ்வளவு நேர்த்தியாகப் பொய் சொல்வேன் என்று எனக்கே தெரியாது.

 "சரி" என்றார். பிறகு, "உயிரோட இருக்கிறவனுக்கு அஞ்சலி போட்டா ஆயுசு கூடும்பாங்க. பாப்போம்" என்றார்.

மே 26, புதன்

ஜெயக்கொடிக்குத் தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. அஞ்சலி ஐந்து. எதையும் ஸ்டேட்டஸில் வைக்கவில்லை.

மே 27, வியாழன்

ஜெயக்கொடிக்குச் சோதனை முடிவு வந்துவிட்டது. இல்லை என்று வந்திருக்கிறது. கொஞ்ச நேரம் மாடியில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

கதவு வழியாக அவளிடம் செவ்வாய்க்கிழமை விஷயத்தைச் சொன்னேன். சொல்லவேண்டும் என்று இல்லை, பேச்சுவாக்கில் வந்தது.

"நான் தினம் நாப்பது வீட்டுல பொய் சொல்றேன்" என்றாள். "ஆக்சிஜன் கிளிப்ப விரல்ல மாட்டுறேன், எண்பத்திரண்டுன்னு வருது. 'ஒன்னுமில்லம்மா, எதுக்கும் ஆஸ்பத்திரில ஒரு எட்டு காட்டிட்டு வந்துருங்க'ங்குறேன். நீங்க ஒத்தப் பொய் சொல்லிட்டு மூணு நாளா யோசிச்சுக்கிட்டு இருக்கீக."

"நான் எங்க யோசிச்சேன்?"

"அப்ப எதுக்கு என்கிட்ட சொல்றீக?"

 நாவல் இருபத்தாறு பக்கம் அடித்தேன்.

மே 29, சனி

அருணகிரி சார் காலையில் கூப்பிட்டார். ஆக்சிஜன் முகமூடி மாட்டியிருப்பதால் விட்டுவிட்டுப் பேசுகிறார். கண்ணாடி போட முடியவில்லை, அதனால் மெய்ப்புப் பார்க்கவும் முடியவில்லை, ஒன்பதாம் அத்தியாயத்தை வாசித்துக் காட்டுங்கள் என்றார். நான் எதையும் வாய்விட்டு வாசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கடைசியாக வாசித்திருப்பேன்.

ஒன்பதாம் அத்தியாயம் இது. அக்கரையில் ஒரு பெண். இக்கரையில் சிக்கிய புருஷனுக்குத் தினமும் கூடையில் சோறு அனுப்புகிறாள். சுங்கக்காரன் வாங்கிக் கொடுக்கிறான். எட்டாம் நாள் புருஷன் இறந்துவிடுகிறான். மறுநாளும் கூடை வருகிறது. சுங்கக்காரன் அதை வாங்குகிறான். திருப்பி அனுப்பினால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் தன் சாவடியில் உட்கார்ந்து அவனே தின்கிறான். பாத்திரத்தைக் கழுவிக் கூடையில் வைத்துக் கொடுக்கிறான். இப்படிப் பத்தொன்பது நாள்.

அடித்தபோது இது எனக்குள் போகவில்லை. வாய்விட்டு வாசித்தபோது இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன்.

"என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

"திருட்டு சார்."

"திருட்டா?"

"அடுத்தவன் சோத்தத் தின்னா வேற என்ன பேரு?"

"ஆத்துல கொட்டியிருந்தா?"

யோசித்தேன். "அது இன்னும் மோசம் சார்."

"அப்ப என்னதான் செய்யணும்கிறீங்க?"

"முத நாளே சொல்லியிருக்கணும்."

சொன்ன பிறகுதான் நான் என்ன சொன்னேன் என்று எனக்குப் பட்டது.  அவர் எட்டாம் பத்தியில் 'வயிறு நிறைந்தது' என்பதை 'வயிறு நிறைந்துவிட்டது' என்று மாற்றச் சொல்லிவிட்டு வைத்தார். அண்ணனைப் பற்றி அன்றைக்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளிடமும் கேட்கவில்லையாம். "நல்லவேளை, நம்பிட்டாரு" என்று அங்கயற்கண்ணி நேற்றுச் செய்தி அனுப்பியிருந்தார்.

மே 31, திங்கள்

சாருக்கு எண்பத்தேழு. நேற்றும் அதேதான். குப்புறப் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதால் பேச முடியவில்லை.

ஜூன் 1, செவ்வாய்

நாவலை அடித்து முடித்துவிட்டேன். கடைசி அத்தியாயத்தை அடிப்பதற்கு முன்னால் ஒருமுறை வாசித்தேன். இது எனக்குப் புதுப் பழக்கம், தொழிலுக்கு நல்லதல்ல.

காய்ச்சல் ஓய்ந்து பாலத்தைத் திறக்கிறார்கள். எல்லாரும் இரண்டு பக்கமும் ஓடுகிறார்கள். அந்தப் பெண் மட்டும் நடந்து வருகிறாள். சுங்கக்காரனுக்கு வியர்க்கிறது. புருஷன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது என்று ஐந்தாறு விதமாக யோசித்து வைத்திருக்கிறான். அவள் சாவடி முன்னால் வந்து நின்று, "உப்பு சரியாக இருந்ததா?" என்று கேட்கிறாள். அவ்வளவுதான் கேட்கிறாள். அவன், "ஒரு நாள் மட்டும் குறைவு" என்கிறான். தலையாட்டிவிட்டு ஊருக்குள் போகிறாள். நாவல் அங்கே முடிகிறது.

அவளுக்கு எப்போது தெரிந்தது என்று புத்தகத்தில் இல்லை. நான் மறுபடி ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் போய்த் தேடினேன். தேடினால் இருக்கிறது. புருஷன் இருந்தவரை பாத்திரம் அரைகுறையாகக் கழுவித்தான் வரும். ஒன்பதாம் நாளில் இருந்து பளபளவென்று வருகிறது. ஆசிரியர் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். நான் அதை அடித்திருக்கிறேன், சத்தம் போட்டு வாசித்திருக்கிறேன், கவனிக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை போஸ்டரைத் திறந்தேன். ஒரு வாரமாகத் திறக்காமல் வைத்திருந்த ஃபைல். முதல் தடவையாக அதை ஓர் எழுத்து விடாமல் வாசித்தேன்.

மாதிரிக்குப் போட்டதாகச் சொன்னேன். அதில் அவர் அண்ணனின் பிறந்த தேதி சரியாக இருக்கிறது. சமர்ப்பணத்தில் பிறந்த தேதி கிடையாது. மறைந்த தேதி அன்றைய தேதி. கீழே விளாங்குடி வீட்டு நம்பர். அதற்கும் கீழே, கண்ணீருடன் என்ற இடத்தில், முதல் பெயர் அருணகிரி. அவர் படத்துக்கு அடியிலேயே அவர் அழுதுகொண்டு நிற்கிறார்.

ஒரு சொல்லுக்கு அரைமணி நேரம் பேசுகிற மனிதர். இதையெல்லாம் பார்க்காமல் விட்டிருப்பாரா? இரண்டில் எது தப்பு என்று கேட்டபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் சொல்கிறேனா என்றுதான் கேட்டிருக்கிறார். சொல்லாததால், தெரியாதவர் மாதிரி ஏழு நாள் தனியாகப் படுத்துக் கிடந்திருக்கிறார். யாரிடமும் அழ முடியாமல்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது. இதை எழுதிவிட்டுக் கோடு போட்டு அடிக்கப் பார்த்தேன், அப்படியே இருக்கட்டும்.

ஜூன் 2, புதன்

காலை ஒன்பதுக்கு அங்கயற்கண்ணியிடம் பேசினேன்.

"அவருக்குத் தெரியும்மா."

"தெரிஞ்சா எங்கிட்ட ஏன் கேக்கல?"

"நீங்க மறைக்கிறீங்கன்னு தெரிஞ்சுதான் கேக்கல."

 பிறகு, "என்னால சொல்ல முடியாதுங்க. நீங்களே சொல்லிருங்க" என்றார். போன தடவையும் இதே வார்த்தைதான் சொன்னார், ஆனால் இன்று குரல் வேறாக இருந்தது.

பதினொரு மணிக்கு மேல் சாரை நிமிர்த்திப் படுக்கவைப்பார்கள். அதுவரை காத்திருந்து கூப்பிட்டேன். 

"சார், அன்னைக்கு நீங்க கேட்டீங்கள்ல. படம்தான் சார் தப்பு."

பின்னால் ஏதோ மெஷின் சத்தம்.

"நேரம் என்ன?" என்றார்.

எனக்குப் புரியவில்லை. "இப்பவா சார்? பதினொன்னு பத்து."

"அவரு போன நேரம்."

"விடியக்கால நாலே முக்கால்னு சொன்னாங்க."

"நான் அப்ப முழிச்சுத்தான் இருந்தேன்" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டார். "கண்ணி அவரு முகத்தப் பாத்தாளா?"

"இல்ல சார். பொதிஞ்சு குடுத்துட்டாங்களாம். யாரும் பாக்கல."

"நானும் பாக்கல." மறுபடி மூச்சு வாங்கினார். "அந்தப் போஸ்டர சரியாப் போட்டு அனுப்புங்க. முகத்தப் பாத்துக்கிறேன்."

வைத்துவிட்டு உட்கார்ந்தேன். அங்கயற்கண்ணி அனுப்பியிருந்த படத்தைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். அண்ணன் தம்பிக்குக் கண்ணாடி மட்டும்தான் ஒன்றுபோல. அண்ணனுக்கு அகலமான நெற்றி, இடது புருவத்தில் ஒரு தழும்பு, படம் எடுக்கிறவர் ஏதோ சொல்ல அதற்குச் சிரிப்பை அடக்கிய உதடு. எப்படித்தான் மாற்றி வைத்தேனோ. பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை.

வழக்கமாக முகத்தில் இருக்கிற சுருக்கம், தழும்பு எல்லாவற்றையும் அழித்து வெளுப்பாக்கிவிடுவேன். எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும். இன்று எதையும் தொடவில்லை. பின்னால் வைக்கிற மேகம், தீபம், புறா மூன்றையும் எடுத்துவிட்டேன். பெயர், தேதி, விலாசம், தம்பி, மகள். மூன்று முறை வாய்விட்டு வாசித்தேன். பத்து நிமிஷ வேலைக்கு ஒரு மணி நேரம் ஆனது.

அனுப்பினேன். நீல டிக் இரண்டும் உடனே விழுந்தன. அவர் திறந்து வைத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

நாலு நிமிஷம் கழித்துப் போன் வந்தது. சார்தான்.  முதலில் இருமுகிறார் என்று நினைத்தேன். அழுதுகொண்டிருந்தார். அந்தக் குரலில் அழுகை எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்ததில்லை. முகமூடிக்குள் அழுவதால் சத்தம் ஏறியும் இறங்கியும் வந்தது. பக்கத்தில் யாரோ "அய்யா, அய்யா, மெதுவா" என்றார்கள்.

"சார், அப்புறமா பேசவா?" என்றேன்.

"வச்சிராதீங்க."

"வைக்கல சார்."

அவர் அழுதார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆறுதலாக ஏதாவது சொல்லவேண்டும் என்று தோன்றியது. எனக்குத் தெரிந்த ஆறுதல் வார்த்தை எல்லாம் போஸ்டரில் போடுகிற வார்த்தை, ஒன்றும் வாயில் வரவில்லை.  நடுவில் ஒருமுறை, "அவருக்குப் புத்தகமே பிடிக்காது, பவுன்ராஜ்" என்றார். "ஆமா சார்" என்றேன். மறுபடி அழுதார்.

இந்த இருபத்திரண்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் அஞ்சலி போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஒரு வீட்டுக்கும் நான் போனதில்லை.

ஜெயக்கொடி சர்வே முடித்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "என்னங்க பண்றீக?" என்றாள்.

துக்க வீட்டில் இருக்கிறேன் என்றேன்.